தங்கம் வென்றவரைப் பார்க்காமல் வந்த இரவு: பியோங்சாங் ஸ்பிரின்ட் பயத்லானில் நான் கற்றவை

2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை இரவு, தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடவர் 10 கிலோமீட்டர் ஸ்பிரின்ட் பயத்லான் போட்டியை அல்பென்சியா அரங்கில் நேரில் பார்த்தேன். அன்று தங்கம் வென்ற ஜெர்மனி வீரர் ஆர்ன்ட் பைஃபர், நான் உட்கார்ந்திருந்த படிக்கட்டுக்கு எதிரே இருந்த சுடுதளத்துக்கு இரண்டு முறை வந்து, பத்துக் குண்டுகளையும் இலக்கில் சேர்த்துவிட்டுப் போனார். அவர் சுட்டதைப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. பல மணி நேரம் பயணம் செய்து, உறைய வைக்கும் குளிரில் காத்திருந்தும், அன்றைய போட்டியின் முக்கியமான சில நொடிகளை நான் தவறவிட்டேன். அது எப்படி நடந்தது என்பதையும், ஸ்பிரின்ட் போட்டியை நேரில் பார்க்கப் போகிறவர் அதே பிழையைச் செய்யாதிருக்க என்ன செய்யலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போட்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயத்லான் என்பது பனியில் ஸ்கீ ஓட்டமும் துப்பாக்கிச் சுடுதலும் இணைந்த விளையாட்டு. ஸ்பிரின்ட் வகையில் வீரர்கள் ஒன்றாகப் புறப்படுவதில்லை. 30 விநாடிக்கு ஒருவராகப் புறப்பட்டு மூன்று சுற்று ஓடுகிறார்கள். முதல் சுற்று முடிந்ததும் குப்புறப் படுத்து ஐந்து குண்டுகள், இரண்டாம் சுற்று முடிந்ததும் நின்றபடி ஐந்து குண்டுகள். இலக்குகள் 50 மீட்டர் தொலைவில் இருக்கும். படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர் விட்டத்துக்குள்ளும், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர் விட்டத்துக்குள்ளும் குண்டு பட வேண்டும். தவறிய ஒவ்வொரு குண்டுக்கும், சுட்டு முடித்த கையோடு, 150 மீட்டர் நீளமுள்ள தண்டனைச் சுற்றை ஒருமுறை ஓடி முடித்த பிறகுதான் மீண்டும் பாதைக்குத் திரும்பலாம். தேர்ந்த வீரருக்கும் அதில் இருபது விநாடிக்கு மேல் போய்விடும். துப்பாக்கியோ குறைந்தது மூன்றரைக் கிலோ எடை; அதைப் போட்டி முழுவதும் முதுகில் சுமந்தே ஓட வேண்டும்.

இந்த விதிகளை ஒருவர் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம், நானும் ரயிலில் படித்துக்கொண்டேதான் போனேன். ஆனால் யாரும் யாரையும் முந்திச் செல்வதைக் காண முடியாத ஒரு போட்டியை எப்படிப் பார்ப்பது என்பதை அந்த விதிகள் சொல்லித் தரவில்லை. முன்னால் ஓடுகிறவர் முன்னிலையில் இருக்கிறார் என்று பொருளில்லை. அவர் முன்னதாகப் புறப்பட்டவர், அவ்வளவுதான்.

நான் அப்போது கொரியாவில் ஆய்வுப் பணியில் இருந்தேன். ஒலிம்பிக்கை முன்னிட்டு அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பகுதிக்குப் புதிய அதிவேக ரயில் பாதை திறக்கப்பட்டிருந்தது. தலைநகர் சோலிலிருந்து வந்து ஜின்பு நிலையத்தில் இறங்கி, பார்வையாளர்களுக்கான இலவசப் பேருந்தில் ஏறி, மாலை ஆறு மணிக்கெல்லாம் அரங்கை அடைந்துவிட்டேன். போட்டி இரவு 8.15 மணிக்கு. பனிப்போட்டியை ஏன் இரவில் நடத்துகிறார்கள் என்று முதலில் வியந்தேன்; மத்திய ஐரோப்பாவில் அப்போது பகல் 12.15 மணி என்று கணக்கிட்டபோது காரணம் விளங்கியது. இந்த விளையாட்டின் ரசிகர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அல்பென்சியா இருக்கும் தேக்வல்லியாங் பகுதி கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டுநிலம். மலைமுகட்டில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் இடம் அது. காற்றின் வலிமையை அவற்றைப் பார்த்தே ஊகித்திருக்க வேண்டும். அன்று காலை ஜியோங்சியோன் மலையில் நடக்கவிருந்த ஆடவர் டவுன்ஹில் (மலைச்சரிவில் ஸ்கீயில் வேகமாக இறங்கும்) பந்தயத்தையே காற்றின் காரணமாகத் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்தச் செய்தியை ரயிலில் படித்தும், மாலையில் நான் பார்க்கப்போகும் போட்டியில் துப்பாக்கிக் குண்டு பறக்கப்போகிறது என்பதோடு அதை இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

புறப்பாட்டுப் பட்டியலை அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன். அதில் இரண்டு பெயர்களுக்குக் கீழே தடித்த கோடு போட்டிருந்தேன்: பிரான்சின் மார்ட்டின் ஃபூர்காட், நார்வேயின் யோஹானஸ் திங்னெஸ் போ. ஃபூர்காட் அதற்கு முந்தைய ஆறு பருவங்களிலும் தொடர்ந்து, பருவம் முழுதும் நடக்கும் உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றவர். அந்தப் பருவத்தில் அவரோடு ஏறக்குறைய எல்லாப் போட்டிகளிலும் மோதிக்கொண்டிருந்தவர் போ. எண்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இருந்த பட்டியலில் இந்த இருவரைத் தவிர மற்றவர்களை நான் கூட்டமாகவே கருதினேன். என் முதல் பிழை அந்தக் கோடுகள்தான்.

போட்டி தொடங்கிச் சில நிமிடங்களில் முதல் வீரர்கள் சுடுதளத்துக்குள் வரத் தொடங்கினார்கள். தொலைக்காட்சியில் கேட்கும் ஓசைக்கும் நேரில் கேட்கும் ஓசைக்கும் எவ்வளவு வேறுபாடு! .22 காலிபர் துப்பாக்கியின் வெடிச்சத்தம் பெரிதன்று. காய்ந்த சுள்ளியை ஒடிப்பதுபோல் சட்டென்று அடங்கிவிடும். அதற்கு ஒரு கணம் பின்னால், கருப்பு வட்டத்தை வெள்ளைத் தகடு மூடும் உலோகச் சத்தம். ஒவ்வொரு வெள்ளைக்கும் கூட்டம் ஒரே குரலில் ஆர்ப்பரிக்கும். கருப்பு கருப்பாகவே நின்றுவிட்டால் அந்தக் குரல் பாதியில் அமுங்கிப்போகும். ரஷ்யாவில் பிறந்து கொரியாவுக்காகக் களமிறங்கிய திமோஃபேய் லப்ஷின் வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது.

ஃபூர்காட் முதல்முறை சுடவந்தபோது என் முழுக் கவனமும் அவர்மேல்தான் இருந்தது. படுத்துச் சுடும் முறையில் அவர் மூன்று குண்டுகளைத் தவறவிட்டார். அரங்கில் எழுந்த அந்த நீண்ட பெருமூச்சு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. போவும் தடுமாறினார், போட்டி முழுவதிலும் நான்கு குண்டுகளைத் தவறவிட்டு அவர் 31ஆம் இடத்துக்குப் போனார். நான் கோடு போட்டிருந்த இரண்டு பெயர்களும் இப்படிச் சரிந்தபின், இனி பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று மனம் தளர்ந்து, சூடாக ஏதேனும் குடிக்கலாம் என்று எழுந்துபோனேன். திரும்பிவந்தபோது என் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்மானியப் பெரியவர் ஒருவர் கைகளைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார். மடியில் ஒரு சிறிய தொலைநோக்கி, கையில் பென்சில், அட்டையில் செருகிய பட்டியல்.

“நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?” என்று அவரிடம் கேட்டேன்.

“கொடிகளை” என்றார்.

அப்போதுதான் அவற்றைக் கவனித்தேன். சுடுதளத்தில் வீரர்களுக்கும் இலக்குகளுக்கும் இடையே, சில தடங்களுக்கு ஒன்றாக, சிறிய துணிக்கொடிகள் நின்றிருந்தன. ஒரு மணி நேரமாக அவை என் கண்முன்னே அசைந்துகொண்டிருந்தும் நான் அவற்றை அலங்காரமாகவே எண்ணியிருந்தேன். பெரியவர் விளக்கிய விதம் எளிமையாக இருந்தது. போட்டிக்கு முன்பு ஒவ்வொரு வீரரும் அதே சுடுதளத்தில் காகித இலக்குகளைச் சுட்டுத் துப்பாக்கியின் குறியைச் சரிசெய்துகொள்வார். பயிற்சியாளர் பின்னால் நின்று தொலைநோக்கியில் பார்த்து, குறிக்கருவியின் திருகை எத்தனை கிளிக் இடப்பக்கம், எத்தனை கிளிக் மேலே நகர்த்த வேண்டும் என்று சொல்வார். அந்தச் சரிசெய்தல் அந்த நேரத்துக் காற்றுக்குப் பொருந்தியது. அரைமணி நேரம் கழித்து மூச்சிரைக்க ஓடிவந்து படுக்கும்போது காற்று வேறாக இருந்தால், வீரர் குறியைத் திருத்த வேண்டும், அல்லது கொடி பழைய நிலைக்குத் தாழும்வரை காத்திருக்க வேண்டும். பக்கவாட்டில் வீசும் நல்ல காற்று அந்த 50 மீட்டருக்குள் சிறு குண்டை ஓரிரு சென்டிமீட்டர் தள்ளிவிடும். இலக்கின் மையத்திலிருந்து விளிம்புக்கு உள்ள தூரமே இரண்டேகால் சென்டிமீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

காத்திருப்பது என்பது சொல்வதற்கு எளிது. ஒவ்வொரு விநாடியும் கடிகாரம் ஓடுகிறது, மார்பு விம்முகிறது, பக்கத்துத் தடத்தில் இருப்பவர் சுட்டுவிட்டுக் கிளம்புகிறார். ஐந்து விநாடி காத்திருந்தால் ஐந்து விநாடி நட்டம், காத்திராமல் ஒரு குண்டைத் தவறவிட்டால் இருபது விநாடிக்கு மேல் நட்டம் என்ற கணக்கு எல்லா வீரர்களுக்கும் தெரியும். தெரிந்தும் விரல் அவசரப்படுகிறது. ஸ்பிரின்டில் இருப்பவை இரண்டே சுடுமுறைகள் என்பதால், ஒன்றில் செய்த பிழையை ஈடுகட்ட இடமும் குறைவு.

ஃபூர்காட் படுத்திருந்த அந்தச் சில நொடிகளில் கொடிகள் எந்தப் பக்கம் பறந்தன என்று யாராவது என்னைக் கேட்டால், என்னால் பதில் சொல்ல முடியாது. நான் அவருடைய முகத்தையும் இலக்குகளையும் மட்டுமே மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரில் போய் உட்கார்ந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு வசதியை, அதாவது சுடுதளம் முழுவதையும் ஒரே பார்வையில் காணும் வசதியை, நான் பயன்படுத்தவே இல்லை. தொலைக்காட்சி நமக்குக் காட்டுவது ஒருவரின் தோளையும் ஐந்து வட்டங்களையும்தான். அரங்கில் இருப்பவர் முப்பது தடங்களையும் பார்க்கலாம். ஒரே நேரத்தில் படுத்திருக்கும் நான்கைந்து பேரும் தவறவிடுகிறார்களா, ஒருவர் மட்டும் தவறவிடுகிறாரா என்று காணலாம். நான்கு பேரும் தவறவிட்டால் காரணம் காற்றாக இருக்கலாம், ஒருவர் மட்டும் தவறவிட்டால் பெரும்பாலும் அவரே காரணம். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுகொண்டால் போட்டி முற்றிலும் வேறுவிதமாகத் தெரியும்.

பெரியவரின் பட்டியலில் இன்னொரு பழக்கத்தையும் கண்டேன். ஒவ்வொரு வீரரும் சுடுதளத்து விரிப்பில் கால்வைத்த கடிகார நேரத்தை அவர் எழுதிவைத்திருந்தார். புறப்பாட்டு இடைவெளி 30 விநாடி என்பதால், புறப்படும் வரிசையைக் காட்டும் மார்பு எண்களில் இரண்டு வீரர்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பாதியாக்கினால் அவர்கள் புறப்பட்ட நேர வேறுபாடு நிமிடத்தில் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு: 14ஆம் எண் வீரர் 8 மணி 29 நிமிடம் 10 விநாடிக்கு வந்தார், 24ஆம் எண் வீரர் 8 மணி 34 நிமிடம் 22 விநாடிக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். வந்த வேறுபாடு 5 நிமிடம் 12 விநாடி. புறப்பட்ட வேறுபாடு 5 நிமிடம். ஆகவே பின்னவர் 12 விநாடி பின்தங்கியிருக்கிறார். பெரிய திரையும் இதைக் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அது சில நொடிகளே நிற்கும், அதுவும் திரையை இயக்குபவர் தேர்ந்தெடுத்த வீரர்களுக்கு மட்டும். கையால் எழுதிய கணக்கு இருந்தால், யாரும் பேசாத ஒருவர் மெல்ல மெல்ல மேலே வருவதை நாமே கண்டுபிடிக்கலாம்.

அன்று அப்படி மேலே வந்தவர் பைஃபர். 2011இல் காந்தி மான்சிஸ்கில் ஸ்பிரின்ட் உலகப் பட்டம் வென்றவர். புதியவர் அல்லர், ஆனால் அந்த வாரம் நான் படித்த முன்னோட்டங்கள் அவரைச் சுற்றி எழுதப்படவில்லை. பத்துக்குப் பத்து அடித்து 23 நிமிடம் 38.8 விநாடியில் முடித்தார். செக் குடியரசின் மிகல் கிர்ச்மார்ஷும் பத்துக்குப் பத்து, 4.4 விநாடி பின்னால் வெள்ளி. இத்தாலியின் டொமினிக் வின்டிஷ் ஒரு குண்டைத் தவறவிட்டும் 7.7 விநாடி பின்னால் வெண்கலம் பெற்றார். ஆஸ்திரியாவின் யூலியான் எபர்ஹார்ட் அவருக்கும் 0.7 விநாடி பின்னால் வந்து நான்காம் இடத்தோடு நின்றார். பத்துக் கிலோமீட்டர் ஓடியபின் முதல் நான்கு பேரும் ஒன்பது விநாடிக்குள் அடங்கிவிட்டார்கள்; ஒரே ஒரு தண்டனைச் சுற்றின் நேரத்தில் பாதிகூட இல்லை. நான் சூடான பானத்துக்கு வரிசையில் நின்ற நேரத்தை நினைத்து இன்னும் வருந்துகிறேன்.

வானிலை இந்தப் போட்டியை எவ்வளவு தூரம் ஆளும் என்பதற்குப் பெரியவர் இரண்டு பழைய நிகழ்வுகளைச் சொன்னார். 1998 நாகானோ ஒலிம்பிக்கில், நோசாவா ஓன்சென் மலையில் நடந்த ஸ்பிரின்ட், கடும் பனிப்பொழிவாலும் மூடுபனியாலும் பாதியிலேயே நிறுத்தப்பட்டு மறுநாள் முதலிலிருந்து நடத்தப்பட்டது. நிறுத்தப்பட்டபோது முன்னணியில் இருந்த நார்வேயின் ஊலே ஐனார் பியோர்ன்டாலென் மறுநாளும் ஓடித் தங்கத்தை வென்றார். 2010இல் கனடாவின் விஸ்லரில் நிலைமை வேறு. முன்னதாகப் புறப்பட்டவர்களுக்குப் பாதை வேகமாக இருந்தது. பிறகு பொழிவு வலுத்துப் பாதை மந்தமாகிவிட, பெயர்பெற்ற பலர் பின்தங்கினார்கள். முன்வரிசையில் புறப்பட்ட பிரெஞ்சு வீரர் வான்சான் ஜே தங்கம் வென்றார். எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் போட்டியில் பனி எல்லோர்மேலும் ஒன்றாகவே பெய்யும். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வானிலை. ஆகவே பட்டியலைக் கையில் வாங்கியதும் பெயர்களைப் பார்ப்பதற்கு முன் வானத்தைப் பார்ப்பது நல்லது; பொழிவு கூடுமா குறையுமா என்று தெரிந்தால், எந்த எண்களைக் கவனிக்க வேண்டும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

நேரில் போகிறவர்களுக்குக் குளிர்பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கவனம் சிதறியதற்குக் குளிரும் ஒரு காரணம். உடம்பைக் காத்துக்கொண்ட நான் பாதங்களை மறந்துவிட்டேன். உலோகப் படிக்கட்டில் இரண்டு மணி நேரம் காலூன்றி நின்றால், எவ்வளவு தடித்த காலுறையும் போதாது. கொரியப் பார்வையாளர்கள் உட்காரும் பஞ்சுத்தட்டுகளில் ஒன்றைக் காலுக்கடியில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அது சிறந்த வழி. அங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் ஹாட் பேக் என்னும் சூட்டுப் பொட்டலத்தைக் கைக்கு இரண்டாகவும் காலணிக்குள் ஒட்டும் வகையில் இரண்டாகவும் வைத்துக்கொள்ளலாம். கைபேசியின் மின்கலம் குளிரில் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் அதை உட்சட்டைப் பைக்குள் வைத்திருங்கள். என்னுடையது போட்டி முடிவதற்குள் அணைந்துவிட்டது. பால்பாயிண்ட் பேனாவின் மையும் உறைந்துவிடும், பென்சில்தான் எழுதும். சூடாகக் குடிப்பதை முதல் வீரர் புறப்படுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் முடிவுக்கோட்டுக்கு நேரே உட்காராமல் சுடுதளத்துக்கு நேரே உட்காருங்கள். ஸ்பிரின்டில் முடிவுக்கோட்டைக் கடப்பவர் வென்றாரா என்பதைக் கடிகாரம்தான் சொல்ல முடியும், கண்ணால் காண அங்கே எதுவுமில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு பொழுதுபோக்குக் கூடத்தில் லேசர் ரைஃபிளை வைத்துச் சுட்டுப்பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. முதலில் ஓய்வாகப் படுத்துச் சுட்டேன், ஐந்தில் நான்கு. பிறகு பக்கத்துப் படிக்கட்டில் ஆறு மாடி ஓடி ஏறி இறங்கிவந்து படுத்தேன். துப்பாக்கியின் வார் என் மேற்கையை இறுக்கியிருந்தது. நாடித்துடிப்பு அந்த வார் வழியாகத் துப்பாக்கிக்கு ஏறி, குறிவட்டம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை துள்ளிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கினால் துள்ளல் கூடியது. மூச்சை முழுதும் விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன்னுள்ள அந்தச் சிறிய இடைவெளியில் விரலை அழுத்தியபோது மட்டும் ஒன்று பட்டது. ஐந்தில் ஒன்று, காற்றே இல்லாத கூடத்துக்குள். அல்பென்சியாவின் விரிப்பில் படுத்திருந்தவர்களை நான் முழுமையாக மதிக்கத் தொடங்கியது அந்தத் தரையில்தான்.

ஃபூர்காட்டின் கதைக்கு வருகிறேன். மூன்று தண்டனைச் சுற்றுகளை ஓடியபிறகும் அவர் குலைந்துவிடவில்லை. நின்று சுடும் முறையில் ஐந்தையும் வீழ்த்தி எட்டாம் இடத்துக்கு ஏறினார். பதக்கம் இல்லை என்று உறுதியான பிறகும் ஒருவர் ஏன் அப்படி ஓட வேண்டும் என்பதற்கான விடை மறுநாள் கிடைத்தது. ஸ்பிரின்டின் முதல் 60 பேர் அடுத்து வரும் விரட்டுப் போட்டிக்குத் தகுதி பெறுவார்கள். ஸ்பிரின்டில் எத்தனை விநாடி பின்தங்கினார்களோ அத்தனை விநாடி தாமதமாகவே அதில் புறப்படுவார்கள். எனவே ஞாயிறு இரவு அவர் மீட்ட ஒவ்வொரு விநாடியும் திங்கள் இரவுக்கான சேமிப்பு.

அந்த விரட்டுப் போட்டியை நான் அறையில் தொலைக்காட்சியில் பார்த்தேன். இம்முறை யார் பெயருக்கும் கோடு போடவில்லை. முதல் இருபது பேரின் பெயரையும், ஒவ்வொருவரும் எத்தனை விநாடி பின்னால் புறப்படுகிறார் என்பதையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நான்கு சுடுமுறைகளுக்கு நான்கு கட்டங்கள் வரைந்துகொண்டேன். கேமரா சுடுதளத்துக்குத் திரும்பும்போதெல்லாம் முதலில் கொடிகளைத் தேடினேன். சில நேரம் திரையின் ஓரத்தில் ஒன்று தெரிந்தது. இருபது விநாடிக்கு மேல் பின்னால் புறப்பட்ட ஃபூர்காட் ஒவ்வொரு கட்டமாக முன்னேறி வந்து தங்கத்தை வென்றார். வியாழக்கிழமை 20 கிலோமீட்டர் தனிநபர் போட்டியில், நான்கு நாட்களுக்கு முன் 31ஆம் இடத்தில் முடித்த போ தங்கம் வென்றார். அதற்கு முந்தைய நாள் நடக்கவிருந்த மகளிர் தனிநபர் போட்டியையும் காற்று அதே வியாழக்கிழமைக்குத் தள்ளியிருந்தது. அந்தச் செய்தி வந்தபோது, முந்தைய ஞாயிறு போல் அதைப் படித்துவிட்டு அப்படியே கடந்துபோகாமல், என் தாளின் மேல்விளிம்பில் எழுதிவைத்தேன்.